சுத்தம் செய்த மௌனம்

மருமகளைப் போன வாரம் நட்டாற்றில் விட்டுவிட்டு வந்தோம். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பேயறைந்தவள் மாதிரி கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா, அவள் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டதாகப் பேர் பண்ணினாள், படுத்தாள். தூக்கம் எங்கிருந்து வரும்?

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கும் சேர்த்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்தில், பழைய நாடகக் குழு ஒன்றின் ஒலிநாடாக்களை டிஜிட்டலாக மாற்றிப் பாதுகாக்கும் திட்டம் நடந்தது. அந்தக் குழுவின் கதாநாயகி வேறு யாருமில்லை, அவளுடைய மாமியார் பெரியத்தைதான். பெரியத்தை மேடையில் மடமடவென்று பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவாளாம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்குமாம். பிறகுதான் அடுத்த வார்த்தை விழுமாம். அந்த நிறுத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு. பத்திரிகைகள் 'மௌன ராணி' என்று பட்டம் கட்டின. வசனத்தை ஒருமுறை படித்துவிட்டால் அவளுக்குச் சாகும்வரை மறக்காது என்று ஒரு கதையும் கூடவே வளர்ந்தது.

நாடாக்களில் இரைச்சல் அதிகம். அதை நீக்க மென்பொருள் இருக்கிறது. 'இதுதான் இரைச்சல்' என்று ஒரு துண்டை அதற்கு மாதிரி காட்டினால் போதும், அதே சாயலில் இருப்பதையெல்லாம் நாடா முழுவதிலிருந்தும் வழித்து எடுத்துவிடும். யாரும் பேசாத இடமாகப் பார்த்து மாதிரி எடுக்க வேண்டும் என்பது வழக்கம். யாரும் பேசாத இடம் என்றால் பெரியத்தையின் மௌனத்தைவிடத் தோதான இடம் எது? மருமகள் அங்கிருந்துதான் எடுத்தாள். ஒரு நாடாவுக்கு இல்லை, எல்லா நாடாவுக்கும் அங்கிருந்தே எடுத்தாள்.

நேற்று ஏதோ சந்தேகத்தில் மூல ஒலியைச் சத்தம் கூட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த மௌனம் காலியாக இல்லை. இரைச்சலுக்கு அடியில் ஒரு பெண் கிசுகிசுத்தாள். "ம், சொல்லு" என்றாள். அடுத்த வசனத்தின் முதல் சில வார்த்தைகளைச் சொன்னாள். பெரியத்தை அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு முழங்கினாள். கைதட்டல் எழுந்தது. அடுத்த மௌனத்திலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே கதை.

"ம், சொல்லு" என்று அவள் வீட்டில் தினமும் சொல்கிறவள் ஒருத்திதான். பெரியத்தையின் தங்கை, சின்னத்தை. நாடகக் குழுவில் அவள் பிராம்ப்டர். சைடு படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை. மற்ற நடிகர்களுக்காகத்தான் அவள் அங்கே நின்றாள் என்று இத்தனை காலமும் எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

ஆக, சின்னத்தையின் குரலை மருமகள் தன் கையாலேயே குப்பையோடு குப்பையாக வழித்துப் போட்டிருக்கிறாள். இன்று அந்தத் திட்டத்தின் பலனை எல்லோருக்கும் பகிர்ந்துகொடுக்கும் விழா. கடைசியில் காப்பகத்தின் இயக்குநர் ஒரு பொத்தானை அழுத்துவார். துடைத்து வைத்த நாடகங்கள் இணையத்தில் ஏறிவிடும். இனி யார் கேட்டாலும், யார் படித்தாலும், சின்னத்தை இல்லாத நாடகம்தான் நாடகம் என்று நிலைத்துவிடும்.

சொன்னால் பெரியத்தையின் பெயர் போகும். சொல்லாவிட்டால் சின்னத்தையின் குரல் போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, மருமகளின் நிலைமை அதுதான்.

*

காலையிலிருந்தே வீடு ரெண்டுபட்டுக்கொண்டிருந்தது. பெரியத்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டு புடவையை மாற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் எடுத்தது கண்ணைக் குத்துகிறதாம். அடுத்தது துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரி இருக்கிறதாம். ஒவ்வொன்றையும் சின்னத்தை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தாள். அவள் முகம் சுளித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மகன் லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்காக லீவு போட்டிருந்தான். இந்த வேகத்தில் கிளம்பினால் விழா முடிந்து நாற்காலியை அடுக்குகிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று வாசலில் நின்று குரல் கொடுத்தான். ராணி இல்லாமல் எந்தச் சபையடா ஆரம்பிக்கும் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சின்னத்தைக்கு வர இஷ்டமில்லை. கூட்டம் என்றால் மூச்சு முட்டும், கால் வலிக்கிறது, துணி காயப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பெரியத்தை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ வராவிட்டால் நானும் போகப்போவதில்லை என்று கட்டிய புடவையோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சின்னத்தை வேறு வழியில்லாமல் தலைவாரப் போனாள்.

மருமகள் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரியத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எல்லாத்தையும் நீ கேட்டேல்ல? தெளிவா இருக்கா?"

"ரொம்பத் தெளிவா இருக்கு அத்தை."

"எல்லாமே கேக்குதா?"

மருமகள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். இந்த வயதிலும் புகழ் ஆசை பார் என்று மனசுக்குள் கொஞ்சம் எரிச்சலும் பட்டாள்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. சின்னத்தை துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் தனியாக நின்றபோது, பின்னாலேயே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கைப்பேசியில் அந்தத் துண்டைக் கொண்டுவந்து, கேளுங்கள் என்று இயர்போனைக் காதில் வைத்தாள். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தைகளையெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

சின்னத்தை கேட்டாள். முகம் வெளிறிப்போயிற்று. அவசரமாக இயர்போனைப் பிடுங்கிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"இது வெளியில கேக்குதா?"

"பழைய நாடாவில கேக்குது சின்னத்தை. சத்தத்தை நல்லாக் கூட்டினா."

"முன்வரிசையில இருந்தவங்களுக்குக் கேட்டிருக்குமா?"

அது தெரியவில்லை என்றாள் மருமகள். ஒலிவாங்கியைப் படுதா ஓரமாக வைத்திருப்பார்கள், அதனால்தான் விழுந்திருக்கும் என்று சமாதானம் சொன்னாள். சின்னத்தை அதை ஏற்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு, அது எந்தக் கொட்டகை என்று யோசித்தாள். ஒரு மேடையில் பலகை கிரீச் கிரீச் என்று கத்தும், அங்கேதான் கொஞ்சம் உயர்த்திச் சொல்லியிருப்பேன், தப்பு பண்ணிவிட்டேன் என்று தலையில் மெதுவாகத் தட்டிக்கொண்டாள்.

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு பண்ணியது நான் அல்லவா என்று நடந்ததைச் சொன்னாள். இரைச்சல் என்று நினைத்து எல்லா நாடாவிலிருந்தும் அந்தக் குரலை எடுத்துவிட்டதைச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எடுத்துட்டியா?" சின்னத்தைக்கு உயிர் வந்தது. "எல்லாத்துலயுமா? மகராசியா இருப்பே. என் வயித்துல பாலை வார்த்தே."

"சின்னத்தை, அது உங்க குரல். நீங்க இல்லேன்னா அந்த நாடகமே இல்லை."

"கண்ணு, பிராம்ப்டர் குரல் சபையில கேட்டுச்சுன்னா அவளுக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம். உள்ளேருந்து யாரோ சொல்லிக் கொடுக்கறாங்கன்னு ஒருத்தர் ஒரு நாள் சொன்னதில்லை. நான் அப்படி நின்னேன். அதை யார்கிட்டயும் சொல்லிக்கக்கூட முடியாது, சொன்னா போயிடும். ஆனா எனக்குத் தெரியும். அது போதும்."

பிறகு மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இதை யாருக்கும் போட்டுக் காட்டமாட்டேன் என்று வாக்குக் கேட்டாள். மருமகள் தலையை ஆட்டினாளா, ஆட்டவில்லையா என்று அவளுக்கே தெரியாது. சின்னத்தை உண்மையிலேயே பெருமையில்தான் சொல்கிறாளா, இல்லை, ஒதுங்கி ஒதுங்கியே பழகிப்போன வாய் இப்படிச் சொல்கிறதா? ஒருவருடைய மனசுக்குள் கையை விட்டா பார்க்க முடியும்?

கதவைத் திறந்தால், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ, முகமே சரியில்லை.

*

பெரியவர்கள் இருவரும் முதலில் கீழே இறங்கினார்கள். லிஃப்ட் திரும்ப மேலே வரும்வரை புருஷன், பெண்டாட்டி இருவரும் நடைபாதையில் தனியாக நின்றார்கள். அவனுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுவான். அதற்குக் கத்தினாலே தேவலை.

"நான் எங்க வளர்ந்தேன்னு தெரியுமா உனக்கு? அந்தப் படுதாவுக்குப் பின்னால. சித்தி மடியில படுத்துத் தூங்குவேன். மேலே அவங்க முணுமுணுத்துட்டே இருப்பாங்க. எனக்கு அதுதான் தாலாட்டு. யாருக்குச் சொல்றாங்கன்னெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் குரலை நீ குப்பைன்னு அள்ளிப் போட்டிருக்கே."

வேண்டுமென்றா செய்தேன் என்றாள் அவள். தெரிந்த பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டான். சின்னத்தை வாக்குக் கேட்டதைச் சொன்னாள். அவன் சிரித்தான். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"சித்தி என்னிக்கு வேணும்னு சொல்லியிருக்காங்க? பாத்திரத்துல கடைசியா இருக்கிறதைப் போடப் போனா பசிக்கலைன்னுவாங்க. நீ நம்பியிருக்கியா? நான் நம்பினதில்லை, அவங்க தட்டுல போட்டுட்டுத்தான் மறுவேலை. இதுவும் அப்படித்தான்."

"உங்க அம்மா பேரு?"

லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. தினமும் எத்தனையோ லிஃப்டைத் திறந்து பார்க்கிறவன், இதற்குள் ஏறாமல் முறைத்துக்கொண்டு நின்றான்.

"நீ சொல்லு. நீ சொல்லலைன்னா சபையில நான் எழுந்திரிச்சுச் சொல்லுவேன்."

முதலில் இயக்குநரிடம் பேசிப் பார்க்கிறேன், அதுவரை பொறுங்கள் என்று அவள் கெஞ்சினாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

*

காப்பகத்தின் மாடிக் கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. முன்னால் சின்ன மேடை, பெரிய வெள்ளைத் திரை, ஓரத்தில் ஒலி இயக்கும் மேஜை. அதுதான் மருமகளின் இடம். இயக்குநர் அம்மாள் கையில் மைக்கோடு அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தார். அவரை ஓரமாக இழுத்து மருமகள் விஷயத்தைக் கொட்டினாள். அவர் பாதி காதில் வாங்கினார், மீதியை வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதில் விட்டுவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் வந்து பெண்ணுக்குக் காய்ச்சல் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் பார்வை. மூல ஒலி பெட்டகத்தில் பத்திரமாகத்தானே இருக்கிறது, அது ஒன்றும் ஓடிப்போகாது என்றார். 'ஒலி மேம்படுத்தப்பட்டது' என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறோமே, அது போதாதா என்றார். அடுத்த வருஷம் திருத்திக்கொள்ளலாமாம்.

"அதுவரைக்கும் எல்லாரும் இதைத்தானே மேடம் கேப்பாங்க?"

"இன்னிக்கு ஒண்ணும் கிளப்பாதே, தயவுசெஞ்சு. உன் மாமியாருக்குத்தானே இந்த மரியாதையெல்லாம்?"

கதை அத்தோடு முடிந்தது. மருமகள் மேஜைக்குத் திரும்பினாள். முன்வரிசையில் பெரியத்தை கழுத்தை நிமிர்த்தி, அசல் ராணியாகவே உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் மகன், அவனுக்குப் பக்கத்தில் வழியோரமாகச் சின்னத்தை. எப்போது எழுந்து போகலாம் என்று பார்க்கிறவள் அந்த இடத்தைத்தான் பிடிப்பாள்.

பேராசிரியர் ஒருவர் பேச வந்தார். நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். பெரியத்தையின் மௌனத்தை ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார், பாவம். திரையில் ஒலி அலையின் படத்தைப் போட்டு, வசனம் மலை மலையாக எழுந்து நடுவில் கோடு தட்டையாகப் படுத்திருப்பதைக் காட்டினார். இதோ பாருங்கள், ஒரு சலனம்கூட இல்லை, இந்த இடத்தில் அந்தப் பாத்திரம் தன் மனசாட்சியோடு மல்லுக்கட்டுகிறது என்றார். கூட்டம் சிலிர்த்துப்போய்க் கைதட்டியது. அந்தக் கோட்டைத் தட்டையாக்கியவள் மேஜைக்கு அடியில் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள்.

மகன் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான். எழுந்திருக்கப் போகிறான் என்று மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. சின்னத்தை முகத்தைத் திருப்பாமலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் பிடியை விடவில்லை.

இப்போது நாடகத்திலிருந்து ஒரு காட்சியைக் கேட்போம் என்று இயக்குநர் அறிவித்தார். விளக்குகளைக் குறைத்தார்கள். மருமகள் துடைத்த ஒலியை ஓடவிட்டாள்.

இளம் வயதுப் பெரியத்தையின் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. என்ன குரல்! புருஷனை நியாயம் கேட்கிற காட்சி. ஒவ்வொரு வார்த்தையும் கன்னத்தில் அறைகிற மாதிரி வந்து விழுந்தது. விழுந்துகொண்டே வந்து, சட்டென்று நின்றது.

சுத்தமான மௌனம். அவ்வளவு சுத்தமாக நிஜத்தில் எந்தக் கொட்டகையும் இருந்திருக்காது. பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. மருமகள் பெரியத்தையைத்தான் பார்த்தாள். பெரியத்தை தலையை ஒரு பக்கம் சாய்த்து, எதையோ எதிர்பார்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வசனம் தொடர்ந்தது. கூட்டம் கைதட்டியது. பெரியத்தை சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தம் வந்தது. மறுபடியும் தலை சாய்ந்தது. மறுபடியும் ஒன்றும் இல்லை. அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மரியாதைக்குச் சிலர் கைதட்டினார்கள். அவள் நேராக மேடையேறி இயக்குநரின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"நிறுத்துங்க."

மருமகள் நிறுத்தினாள்.

"இந்த இடத்துல ஒரு குரல் இருக்கணும். எங்க அது?"

மனசாட்சியின் குரலைத்தான் சொல்கிறார் என்று பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கினார். பெரியத்தை அவரைக் கண்டுகொள்ளவில்லை. மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு, உன்னைத்தான் கேக்கறேன். அந்தக் குரல் எங்க?"

நான்தான் எடுத்துவிட்டேன், இரைச்சல் என்று நினைத்துவிட்டேன் என்று மருமகள் தடுமாறிச் சொன்னாள். கூடத்தில் இருந்த பாதிப்பேருக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. காலையில் 'எல்லாமே கேக்குதா' என்று மாமியார் கேட்டது எதை என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. தற்பெருமை என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருந்தது.

பெரியத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்கு எந்த வசனமும் மனப்பாடம் ஆகாது. என்னிக்கும் ஆனதில்லை. நான் நின்ன இடமெல்லாம் நடிப்பு இல்லை, அடுத்த வரி தெரியாம நின்னேன். என் தங்கச்சி உள்ளேருந்து எடுத்துக் கொடுப்பா, நான் பேசுவேன். நீங்க கைதட்டினீங்க. மொத நாள் சிரிப்பா இருந்தது. அப்புறம் பத்திரிகைல எழுதினாங்க. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரலை."

பேராசிரியர் குறிப்பேட்டை மூடினார்.

"மிஷின் பொய் சொல்லாதுன்னாங்க. சரி, நான் சொல்ல வெக்கப்பட்டதை அது சொல்லிடும், நான் சும்மா உட்கார்ந்து கேட்டுட்டு வந்துடலாம்னு இருந்தேன். அதான் அவளையும் இழுத்துட்டு வந்தேன். நீங்க என்னடான்னா அவளைத் துடைச்செடுத்துட்டு எனக்கு மாலை போடறீங்க."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பழசு உன்கிட்ட இருக்கா? இருந்தா போடு."

இருந்தது. திரையில் தயாராகவே இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். மருமகள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். போடு, போடு என்று புருஷன் கண்ணாலேயே கெஞ்சினான். பக்கத்தில் சின்னத்தை வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இயக்குநர் நடுவில் நின்று கையைப் பிசைந்தார். "போடு கண்ணு" என்றாள் பெரியத்தை மறுபடியும். மருமகளின் விரல் அவளைக் கேட்காமலேயே முன்னால் நகர்ந்தது.

"போடாதே."

கத்தவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அளந்து பேசியே பழகிய குரல். ஒருத்திக்கு மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் ஒருத்திக்கு மட்டும் கேட்டது, இன்று சபை முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது, கேட்டது. அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. சின்னத்தை எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

பெரியத்தையின் முகம் மலர்ந்தது. கையை நீட்டி அவளைக் காட்டினாள்.

"கேட்டீங்கல்ல? இதே குரல்தான்."

யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் எழுந்து, முன்னால் இருந்தவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையைப் பார்த்துத் தட்டினார்கள். மகன் கண்ணீரைத் துடைக்காமல் தட்டினான். மருமகளுக்கும் ஒரு கணம், அப்பாடா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தோன்றியது. சின்னத்தை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சந்தையில் திருடிப் பிடிபட்டவள் மாதிரி குனிந்து நின்றாள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கியதும் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் வெக்கம் தீரணும்னு நீ சொல்லிட்டே அக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

பெரியத்தையின் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது.

"பேரு உனக்கு, பட்டம் உனக்கு, எல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்னுதான் விட்டேன். மனசார விட்டேன். யார் காதுலயும் விழாம நின்னேன்கிறது ஒண்ணுதான் என்னோடது. இன்னிக்கு அதையும் எடுத்துக்கிட்டே."

சொல்லிவிட்டு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். அழவில்லை. வழியில் நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டார்கள், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். சித்தி, சித்தி என்று மகன் பின்னாலேயே ஓடினான்.

இயக்குநர் மேஜையண்டை வந்து குனிந்தார். இணையத்தில் ஏற்றுவதற்கான பொத்தான் திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. எதை ஏற்றுவது, துடைத்ததையா, பழையதையா, சீக்கிரம் சொல், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று காதுக்குள் அவசரப்படுத்தினார். மருமகள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காலையில் கேட்ட வாக்கும், இப்போது விழுந்த கைதட்டலும் மண்டைக்குள் முட்டிக்கொண்டன. இரண்டில் எதைச் செய்தாலும் சின்னத்தைக்குத் துரோகம் என்றுதான் அவளுக்குப் பட்டது.

மேடையில் பெரியத்தை இன்னும் மைக்கோடு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும். தங்கையைக் கூப்பிட வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், குறைந்தபட்சம் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் தலையைத் திருப்பி மேடையின் ஓரத்தைப் பார்த்தாள். எடுத்துக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.